ஆயுளை அறியாமல் வலை வீசலாகாது

நியூசிலாந்தின் தென் தீவுக்குக் கிழக்கே, சாத்தம் தீவுகள் வரையில் கடலுக்கடியில் நீண்டு கிடக்கும் சாத்தம் மேடு என்னும் பிரதேசத்தில், 1970-களின் இறுதியிலிருந்து, பெரிய டிராலர் கப்பல்கள் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் ஆழத்துக்கு வலையை இறக்கி, செங்கல் நிறம் கொண்ட ஒரு மீனை ஆயிரம் ஆயிரம் டன்னாக வாரி எடுக்கத் தலைப்பட்டன. இவ்வளவு பிடிக்கலாம், இதற்கு மேல் கூடாது என்று பின்னர் அரசாங்கம் அளவு விதித்தது. அந்த அளவைக் கணித்துச் சொல்ல நிபுணர்களும் இருந்தார்கள். ஆயினும், பிடிபடுகிற மீன் எத்தனை ஆண்டு வாழக்கூடியது என்ற முதற்கேள்விக்கே அவர்களிடம் சரியான விடை இல்லை. விடை கிடைத்த காலத்தில், அந்த மீன் கூட்டங்களின் பெரும்பகுதி எலும்பு நீக்கிய துண்டுகளாகிப் பனியில் உறைந்து அமெரிக்கக் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. ஆரஞ்சு ரஃபி என்று வியாபார உலகம் அழைக்கும் அந்த மீனின் சரித்திரம், கடலை நம்பிப் பிழைப்பவர்களும், கடலை ஆளும் பொறுப்பை ஏற்றவர்களும் ஊன்றிப் படிக்கவேண்டிய ஒன்று என்பது என் திடமான அபிப்பிராயம்.

விஞ்ஞானிகள் இதற்கு இட்ட பெயர் ஹாப்லோஸ்டெத்தஸ் அட்லாண்டிகஸ். மொனாக்கோவின் இளவரசர் முதலாம் ஆல்பர்ட் தம்முடைய கப்பலில் நடத்திய கடல் ஆராய்ச்சிகளின்போது அசோர்ஸ் தீவுகளின் அருகே கிடைத்த மாதிரியைக் கொண்டு, நார்வே நாட்டு உயிரியல் அறிஞர் ராபர்ட் காலெட் 1889-இல் இதை முதன்முதலாக வருணித்தார். பெரும்பாலும் ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைந்த நீளமும் ஒன்றிரண்டு கிலோ எடையும் உள்ள இந்த மீனில், 75 சென்டிமீட்டர் நீளமும் 7 கிலோ எடையும் வரை வளர்ந்தவை அகப்பட்டதும் உண்டு. தலை பெரிது, கண் பெரிது, சாய்வாக அகன்ற வாயின் உட்புறம் நீலம் கலந்த கருமை. தலையின்மேல் எலும்பு வரம்புகள் குறுக்கும் நெடுக்குமாக ஓட, அவற்றின் இடையே உள்ள பள்ளங்களை மெல்லிய தோல் மூடியிருக்கிறது. கொழகொழப்பான திரவம் நிறைந்த அந்தக் கால்வாய்கள், சுற்றியுள்ள நீரின் சிறு அசைவையும் மீனுக்கு உணர்த்துகின்றன. உயிரோடு இருக்கையில் செங்கல்லைப்போல் சிவந்திருக்கும் மேனி, இறந்த பிறகு வெளிறி ஆரஞ்சு நிறம் கொள்கிறது. சூரிய ஒளியின் செங்கதிர்களைக் கடலின் மேல்நீரே உறிஞ்சிவிடுவதால், ஆழத்தில் சிவப்புக்கும் கறுப்புக்கும் பேதமில்லை; ஆகவே நம் கண்ணைப் பறிக்கும் இந்த நிறம், அதன் உலகத்தில் பகைவர் கண்ணுக்குத் தப்புவதற்கான உபாயமே ஆகும்.

இந்த மீன் ஏதேனும் ஒரு சமுத்திரத்துக்கு மட்டும் உரியதன்று. வடகிழக்கு அட்லாண்டிக்கில் ஐஸ்லாந்து முதல் மொராக்கோ வரையிலும், தென்மேற்கு ஆப்பிரிக்காவில் நமீபியக் கரைக்கு அப்பாலும், இந்து மகாசமுத்திரத்தில் மடகாஸ்கருக்குத் தெற்கே உள்ள கடலடி மலைத்தொடர்களிலும், டாஸ்மேனியா உட்பட ஆஸ்திரேலியாவின் தென்கடலிலும், நியூசிலாந்தைச் சுற்றியும், பசிபிக்கின் மறுகரையில் சிலி நாட்டுக்கு அப்பாலும் இது வாழ்கிறது. இத்தனை தூரம் பரவியிருந்தும், இது விரும்பித் தங்கும் இடம் மிகவும் குறுகியது. 700 மீட்டருக்குக் கீழே, 1,200 மீட்டருக்கு மேலே, குளிர்ந்த இருளில், ஆழத்திலிருந்து எழும்பி நிற்கும் மலைகளின் சரிவுகளையும் பள்ளத்தாக்குகளையும் நாடியே இது கூட்டம் சேர்கிறது. ஓடுகின்ற நீர் மலையில் மோதும்போது, அதில் மிதந்து வரும் இறால்களும் கணவாய்களும் சிறு மீன்களும் ஓரிடத்தில் திரள்கின்றன. அசைவின்றிக் கிடக்கும் மற்ற பல ஆழ்கடல் மீன்களைப் போலன்றி, கட்டான தசையும் நீந்தும் வலிமையும் கொண்ட ரஃபி, நீரோட்டத்தை எதிர்த்து நின்று அந்த உணவைப் பெறுகிறது.

ஆயிரம் மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தம் மேற்பரப்பில் உள்ளதைப் போல் நூறு மடங்கு. மற்ற மீன்களில் காற்று நிறைந்திருக்கும் மிதவைப்பை, வளர்ந்த ரஃபியில் மெழுகுத்தன்மையுள்ள எண்ணெயால் நிறைந்திருக்கிறது. காற்றை நசுக்கிவிடும் அழுத்தம் எண்ணெயை அப்படி நசுக்க இயலாது என்பதால், அதிகச் சிரமமின்றி அது ஆழத்தில் மிதந்து நிற்கிறது. தோலை ஒட்டிய சதையிலும் இதே எண்ணெய் உண்டு. மனிதக் குடல் அதை ஜீரணிக்க மாட்டாது. ஆகவே ஆலைகளில் தோலோடு அந்தச் சதையையும் ஆழமாகச் சீவி எடுத்த பிறகே, வெண்மையான துண்டுகள் விற்பனைக்கு வருகின்றன. முள்ளற்ற, மணம் குறைந்த, எந்த மசாலாவுக்கும் இணங்குகிற அந்தத் துண்டுதான் இந்த மீனுக்கு வினையாக முடிந்தது.

இனி இதன் இனவிருத்தியைப் பார்ப்போம். தென் அரைக்கோளத்தின் குளிர்காலமாகிய ஜூன், ஜூலை, ஆகஸ்டு மாதங்களில், தொலைவிலிருந்தெல்லாம் மீன்கள் வந்து குறிப்பிட்ட சில மலைகளின்மேல் நெருக்கமாகக் கூடி முட்டையிடுகின்றன. இனப்பெருக்கத்துக்குத் தகுதி அடைவதற்கு ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஆகின்றன. தகுதி அடைந்தவையும் ஆண்டு தவறாமல் முட்டையிடுவதில்லை. இட்டாலும், ஒரு கிலோ எடைக்கு 22,000 முட்டைகள் என்ற அளவில், மற்ற மீன்கள் இலட்சக்கணக்கில் இடுவதோடு ஒப்பிட்டால், மிகச் சொற்பமாகவே இடுகின்றன. இயற்கை இந்த உயிருக்கு விதித்த தர்மம் நிதானம். வாழ்நாள் நீண்டிருப்பதால், பத்து ஆண்டு சந்ததி தழைக்காமல் போனாலும் பதினோராம் ஆண்டுக்குக் காத்திருக்க அதனால் முடியும். மரணம் அரிதாக இருக்கும் இடத்தில் ஜனனமும் அரிதாக இருப்பதில் குறையொன்றும் இல்லை. வளர்ந்த மீன்களில் ஓராண்டில் இயற்கையாக மடிபவை நூற்றுக்கு நாலைந்து என்பது விஞ்ஞானிகளின் கணிப்பு. இந்தச் சமநிலையில் மனிதனுடைய வலைக்கு இடம் வைக்கப்படவே இல்லை.

அதன் ஆயுள் கண்டுபிடிக்கப்பட்ட விதம் தனியே சொல்லத் தக்கது. கத்தாளை மீனை வெட்டியவர்களுக்குத் தெரியும், அதன் தலைக்குள் இரண்டு வெள்ளைக் கற்கள் இருக்கும். செவிக்கல் என்று சொல்லப்படும் இந்தச் சுண்ணாம்புக் கல், பெரிதாகவோ சிறிதாகவோ, எலும்புள்ள மீன்கள் எல்லாவற்றுக்கும் உண்டு; மீன் சாயாமல் நிற்பதற்கும் ஒலியை உணர்வதற்கும் அது உதவுகிறது. ஆண்டுதோறும் அதன்மேல் ஒரு படலம் படிவதால், வளையங்களை எண்ணி வயதைச் சொல்வது மீன் ஆராய்ச்சியில் நெடுநாளைய வழக்கம். ரஃபியை முதலில் ஆராய்ந்தவர்கள் கல்லின் வெளிப்பரப்பில் தெரிந்த வளையங்களை எண்ணி, இது விரைவில் வளர்ந்து விரைவில் சினைப்படும் மீன் என்று முடிவு கட்டினார்கள். ஆனால் உடல் வளர்ச்சி ஓய்ந்த பிறகு, கல் அகலத்தில் பெருகாமல் கனத்தில் மட்டும் பெருகுகிறது. முதுமைக்காலத்து வளையங்கள் யாவும் உட்புறத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக, மயிரிழை இடைவெளியில் நெருங்கிக் கிடக்கின்றன. கல்லை மெல்லிய தகடாக அறுத்து, உருப்பெருக்கியின்கீழ் வைத்து ஒளியூட்டிப் பார்த்தபோதுதான் அவை கண்ணுக்குப் புலப்பட்டன.

எண்ணிய வளையங்கள் உண்மையிலேயே ஆண்டு வளையங்கள்தாமா என்ற சந்தேகத்தைத் தீர்க்க, ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் க்வென் ஃபென்டனும் அவருடைய சகாக்களும் வேறொரு சாட்சியத்தைத் தேடினார்கள். கடல்நீரில் மிக நுண்ணிய அளவில் உள்ள ரேடியம், மீன் வளர வளர அதன் செவிக்கல்லில் சேர்ந்துவிடுகிறது. அது மெல்ல மெல்லச் சிதைந்து, ஒருவகைக் கதிரியக்க ஈயமாக மாறுகிறது. ஆகவே ரேடியம் எவ்வளவு, ஈயம் எவ்வளவு என்று அளந்தால், அந்தக் கல் எத்தனை ஆண்டுப் பழமையானது என்பது தெரிந்துவிடும். 1991-இல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, 38 முதல் 40 சென்டிமீட்டர் நீளமுள்ள மீன்களின் வயது 77 முதல் 149 வரை இருந்தது. ஒரு முழத்துக்கும் குறைந்த மீன், முதல் உலக மகாயுத்தத்துக்கு முன்பே பிறந்தது என்று அறிந்தபோது, அதுவரை போட்ட கணக்குகளின் அஸ்திவாரமே ஆட்டங்கண்டது. பின்வந்த ஆராய்ச்சிகள் 200 ஆண்டைக் கடந்த மீன்களையும் இனங்காட்டியிருக்கின்றன.

ஆனால் வலைகள் ஆராய்ச்சிக்காகக் காத்திருக்கவில்லை. நியூசிலாந்தின் பிடிப்பு 1980-களின் இறுதியில் ஆண்டுக்கு 50,000 டன்னைத் தாண்டியது. 1989-இல் டாஸ்மேனியாவுக்குக் கிழக்கே செயின்ட் ஹெலன்ஸ் குன்று என்ற கடலடி மலையின்மேல் முட்டையிடக் கூடிய கூட்டத்தைக் கப்பல்காரர்கள் எதிரொலிக் கருவியில் கண்டுகொண்டார்கள். மறு ஆண்டிலேயே ஆஸ்திரேலியாவின் பிடிப்பு 40,000 டன்னை எட்டியது. சில ஆண்டுகளில் சரிந்தது. 2006-இல் அந்நாட்டு அரசாங்கம், பாதுகாப்பு ஏற்பாட்டைச் சார்ந்தே பிழைக்கக்கூடிய இனங்களின் பட்டியலில் இதைச் சேர்க்க நேர்ந்தது. வியாபாரத்துக்குப் பிடிக்கப்படும் மீன் ஒன்று அந்தப் பட்டியலில் ஏறியது அதுவே முதல் தடவை. நமீபியாவில் 1990-களின் நடுவில் தொடங்கிய தொழில் பத்தாண்டுகூடச் செழித்திருக்கவில்லை. சிலியில் ஜுவான் பெர்னாண்டஸ் தீவுகளை அடுத்து 1990-களின் இறுதியில் தொடங்கியது, 2006-இல் மூடப்பட்டது. வடகிழக்கு அட்லாண்டிக்கில் பிரெஞ்சுக் கப்பல்களும் பின்னர் அயர்லாந்துக் கப்பல்களும் பிடித்துத் தீர்த்த பிறகு, 2010-இல் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதி அளவைச் சூனியமாக்கியது. நாடு வேறு, சட்டம் வேறு, கப்பல் வேறு. ஆனால் கண்டுபிடிப்பு, பெருவேட்டை, வீழ்ச்சி என்ற வரிசை மட்டும் எங்கும் மாறவில்லை. நமீபியாவில் மீன்கள் வழக்கமான இடங்களில் கூடாமல் விலகிப் போனதும் பிடிப்புக் குறைந்ததற்கு ஒரு காரணமாகலாம் என்று சொல்லப்படுவதை நான் மறுக்கவில்லை. ஆயினும் ஐந்து கடல்களில் ஒரே முடிவு நேர்ந்திருக்கும்போது, அதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிடுவது நேர்மையாகாது.

அழிந்தது மீன் மட்டுமன்று. கடலடி மலைகளின் உச்சியில், வெளிச்சமே படாத இடத்தில், பவளங்கள் காடாக வளர்ந்திருக்கின்றன. அவற்றின் கிளைகளில் நட்சத்திர மீன்களும் நண்டுகளும் எண்ணற்ற சிறு ஜீவராசிகளும் குடியிருக்கின்றன. கனத்த இரும்பு உருளைகள் கோத்த வலையின் அடிக்கயிறு மலைமீது உராய்ந்து செல்லும்போது, நூற்றாண்டுகளாக வளர்ந்த பவளம் சில நிமிடங்களில் நொறுங்கிப் போகிறது. டாஸ்மேனியாவுக்குத் தெற்கே, வலை பலமுறை இழுக்கப்பட்ட மலைகளையும் இழுக்கப்படாத மலைகளையும் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முன்னவற்றில் பெரும்பாலும் வெறும் பாறையே எஞ்சியிருந்தது. மலைக்கு மலை ஜீவராசிகள் மாறுபடும் அந்த உலகில், பெயரிடப்படுவதற்கு முன்பே மறைந்தவையும் இருந்திருக்கலாம்.

அறியாமையால் நேர்ந்த பிழை என்று இதை மன்னித்துவிடலாமா என்றால், பாதிதான் மன்னிக்கலாம். 1973-ஆம் ஆண்டிலேயே, அதாவது சாத்தம் மேட்டில் பெருவலை இறங்குவதற்கு முன்பே, காலின் கிளார்க் என்ற கனடா நாட்டுக் கணித அறிஞர் ஓர் உண்மையை நிரூபித்துக் காட்டியிருந்தார். ஓர் உயிரினம் பெருகும் வேகம் சந்தையில் கிடைக்கும் வட்டி விகிதத்தைவிடக் குறைவாக இருந்தால், லாபம் ஒன்றையே நாடுகிற முதலாளிக்கு, அந்த உயிரினத்தைக் காப்பாற்றி ஆண்டுதோறும் கொஞ்சம் பிடிப்பதைக் காட்டிலும், முழுவதையும் பிடித்து விற்றுப் பணத்தை வங்கியில் போடுவதே ஆதாயமாகத் தோன்றும் என்பதுதான் அது. ரஃபியின் முழு இருப்பில் ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் எடுத்தால் தாங்காது என்று இன்று கணக்கிடுகிறார்கள். வங்கி வட்டி பெரும்பாலும் அதைவிட அதிகமாகவே இருக்கும். ஆகவே பேராசைக்காரர் சிலர் திருந்திவிட்டால் இது சரியாகிவிடும் என்று நம்புவதில் பயனில்லை. நெடுங்காலம் வாழும் உயிரைச் சந்தையின் விவேகத்துக்கு விட்டுவிட்டால், சந்தை தன் சுபாவப்படியே அதைத் தின்று தீர்க்கும். தடுக்கும் சக்தி சட்டத்துக்கு மட்டுமே உண்டு.

இதற்கு எதிராக, மீன்கள் மீண்டு வந்துவிட்டன என்று சொல்லப்படும் வாதத்தையும் நியாயமாக எடைபோட வேண்டும். நியூசிலாந்தில் 2000-த்தில் மீன்பிடிப்புக்கு மூடப்பட்ட சாலஞ்சர் என்னும் கடலடிப் பீடபூமி 2010-இல் திறக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவின் கிழக்கு வட்டாரம் 2015-இல் திறக்கப்பட்டது. 2016-இல் நியூசிலாந்தின் மூன்று மீன்கூட்டங்களுக்கு, முறையாக நிர்வகிக்கப்படுகின்றன என்ற சர்வதேசச் சான்றும் கிடைத்தது. பிடிப்பைக் குறைத்ததும், எதிரொலிக் கருவியால் கூட்டங்களை அளந்ததும், தவறிய கணக்கைத் திருத்தியதும் பாராட்டத் தக்கவையே. ஆனால் இங்கே ஒரு சிறு கணக்கை வாசகர்கள் போட்டுப் பார்க்க வேண்டுகிறேன். டாஸ்மேனியாவில் வேட்டை உச்சத்தில் இருந்த 1990-இல் பொரிந்த ஒரு குஞ்சு, முப்பது வயது நிரம்பி முதல் முட்டை இடுவது 2020-இல். அப்படியானால், 2015-இல் மீண்டு வந்ததாக எண்ணப்பட்ட மீன்கள், வேட்டை தொடங்குவதற்கு முன்னரே பிறந்து இளமையால் வலைக்குத் தப்பியவை. பெரியவற்றைப் பறிகொடுத்த பிறகு, எஞ்சிய சிறு கூட்டம் எவ்வளவு சந்ததியை உண்டாக்கியது என்ற கேள்விக்குரிய விடை இப்போதுதான் ஒவ்வோர் ஆண்டாக வெளிப்படத் தொடங்குகிறது. அந்த விடை முழுமையாகத் தெரிவதற்குள் வெற்றி கொண்டாடுவது, முதலில் செய்த அவசரத்தையே மறுபடி செய்வதாகும். ஏழைகளின் பசி தீர்க்கும் உணவு என்ற சமாதானமும் இந்த மீனுக்குப் பொருந்தாது. அது செல்வ நாடுகளின் மேஜைகளுக்கே போயிற்று.

ஆகவே என் யோசனைகள் மூன்று. முதலாவது, ஆழ்கடலில் புதிதாக எந்த மீனைப் பிடிக்கத் தொடங்குவதானாலும், அதன் ஆயுளும் இனவிருத்தி வயதும் நிலைநாட்டப்பட்ட பிறகே அனுமதி வழங்கவேண்டும். தீங்கு நேராது என்று நிரூபிக்கும் பாரம் பிடிக்க விரும்புகிறவரைச் சேர்ந்ததாக இருக்கவேண்டும். இரண்டாவது, இதுவரை வலைபடாத கடலடி மலைகள் வலைபடாமலே இருக்கட்டும். 2016-இல் ஐரோப்பிய ஒன்றியம் தன் கடலில் 800 மீட்டருக்குக் கீழே அடிமட்ட இழுவலையைத் தடைசெய்தது. அது மற்ற நாடுகளும் பின்பற்றத் தக்க முன்மாதிரி. மூன்றாவது, யாருக்கும் சொந்தமில்லாத பொதுக்கடலில், 2006-இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை நிறைவேற்றிய தீர்மானம் கேட்டுக்கொண்டபடி, எளிதில் அழியக்கூடிய கடலடி வாழிடங்களைக் காப்பது, விரும்பினால் செய்யும் தர்ம காரியமாக இராமல், மீறினால் தண்டனை உள்ள கடமையாகவேண்டும்.

இவை தொலைதேசத்துச் சங்கதிகள் என்று நாம் இருந்துவிட முடியாது. ரஃபியின் குலத்தைச் சேர்ந்த வேறு மீன்கள் இந்தியாவின் மேற்குக் கரைக்கு அப்பால் ஆழத்தில் வாழ்கின்றன. கேரளத்தில் 1990-களின் இறுதியிலிருந்தே விசைப்படகுகள் கொல்லத்துக்கு அப்பால் ஆழ்கடல் இறாலைத் தேடிச் செல்கின்றன. ஈரல் எண்ணெய்க்காக ஆழ்கடல் சுறாக்களும் பிடிக்கப்பட்டிருக்கின்றன. அந்தச் சுறாக்களில் பலவும் மெல்ல வளர்ந்து, ஓரிரு குட்டிகளே ஈனும் சுபாவமுடையவை. ஆழ்கடலின் செல்வங்களை ஆராய்வதற்காக 2021-இல் இந்திய அரசாங்கம் பெருந்திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் அளித்தது. கரையோரத்தில் மீன் அருகிவிட்டதால் ஆழத்துக்குப் போங்கள் என்று மீனவர்களுக்குச் சொல்லப்படும் இந்நாளில், ஆழம் என்பது வற்றாத களஞ்சியம் என்ற எண்ணம் எளிதில் பரவும். அந்த எண்ணத்தை நம்பிக் கடன் வாங்கிப் படகு கட்டுகிறவன், பத்தாண்டில் மீன் தீர்ந்துபோனால், கடனோடு கரையில் நிற்பான். ஆகவே ஆயுளை முதலில் அறிவது மீனவனைக் காப்பதும் ஆகும்.

ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாறும் ஆட்சிகளும், ஆண்டுக்கு ஒருமுறை லாபநஷ்டக் கணக்கை முடிக்கும் கம்பெனிகளும், நூறாண்டுக்கு மேல் வாழும் ஓர் உயிரின் விதியைத் தீர்மானிக்கின்றன. அந்த அதிகாரம் நம்மிடம் இருக்கும் வரையில், அந்த உயிரின் காலத்தைக் கொண்டு கணக்கிடும் பொறுமையும் நமக்கு இருந்தாகவேண்டும். அந்தப் பொறுமை இல்லாத அரசாங்கத்துக்கு ஆழ்கடலில் வலை இறக்க அனுமதி கொடுக்கும் யோக்கியதை கிடையாது.